கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர்

எங்கள் கடையில் இசைத்தாள் மட்டும்தான் விற்கிறோம். வாத்தியம் கேட்டு வருகிறவர்களை எதிர்வரிசைக்கு அனுப்பிவிடுவோம். சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் அட்டை ஒட்டியிருக்கும்: தனிப் பியானோ, வயலினும் பியானோவும், பித்தளைக் குழல்கள், பெண்கள் குழு, நான்கு குரல் குழு.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது சட்டை தைக்கக் கொடுப்பது மாதிரிதான். முதலில் ஆளை அளக்க வேண்டும், துணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குழுவில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எந்தச் சுரம் வரை எட்டும், பக்கம் திருப்பும் இடத்தில் வாசிப்பவருக்கு ஒரு கையாவது ஓய்வாக இருக்குமா? இவ்வளவும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் தன்னை அளந்துகொண்டு வருகிறவர்கள் குறைவு. ஒரு வயலின்காரர் தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்று பார்ப்பார். கறுப்பு அதிகமானால் வாங்குவார். அவருக்கு அது வாசிக்க அல்ல, விருந்தாளிகள் வரும்போது ஸ்டாண்டில் திறந்து வைக்க. ஒரு பள்ளிக்கூட பேண்டு வாத்தியார் பெரிய குழல் படைக்கு எழுதியதைத்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்து எடுத்துப்போனார். அவரிடம் குழல் ஊதுகிறவர்கள் நான்கு பேர், மற்றவர்கள் எல்லாம் டிரம்.

இவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் கொயர் மாஸ்டர். ஊரின் பெரிய பாடகர் குழுவை நடத்துகிறவர். அவர் எந்த இசைத்தாளையும் பின்பக்கமாகத்தான் திறப்பார். கடைசிப் பக்கத்தில் நான்கு குரலும் ஒன்றாக உச்சத்தில் கத்தினால் அந்தப் பாட்டு தேறியது. கத்தாமல் மெல்ல அடங்கிப்போனால், தூசி தட்டுவது போல விரலால் தட்டித் திருப்பி வைத்துவிடுவார். அவருக்கு ஒரு தத்துவம் உண்டு: கேட்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது கடைசிப் பக்கத்தைத்தான். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாப்பாடு எப்படி என்று பாயசத்தை மட்டும் ருசித்துச் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்குமோ, அவ்வளவு இருக்கிறது.

என் தங்கச்சி அந்தக் குழுவில் ஆல்டோ. அதாவது பெண்குரல்களில் தாழ்ந்த குரல். பாட்டு எழுதுகிறவர் மெட்டைத் தூக்கி உச்சக் குரலான சோப்ரானோவுக்குக் கொடுப்பார், அடித்தளத்தை ஆண்களின் கட்டைக் குரலான பேஸுக்குக் கொடுப்பார், உருகுவதற்கு ஆண்களின் மேல் குரலான டெனர் இருக்கிறது. எல்லாம் பரிமாறி முடிந்தபின் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் சுரங்களைச் சுரண்டி ஆல்டோவுக்குப் போடுவார். சேர்ந்த நாளிலிருந்து அவள் பாடியதெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று சுரங்கள்தான். பாதி நேரம் அதுவும் இல்லை, வாயை மூடிக்கொண்டு "ம்" என்று இழுக்க வேண்டும். அவளுக்கு வேலை ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில்.

"பகல் முழுக்க ஃபோன்ல 'ம், சொல்லுங்க'ன்றேன். சாயங்காலம் அங்க போயி அதையே நின்னுக்கிட்டு சொல்றேன். அந்த 'ம்'முக்கு மூச்சு எங்க விடணும்னுகூட எவனும் குறிச்சுத் தர்றதில்ல. இந்த வருஷமும் இதான்னா நான் குழுவ விட்டே நின்னுக்கறேன்ணா" என்றாள். சும்மா மிரட்டுகிற பேச்சாக அது இல்லை. பயிற்சிக்குக் கொண்டுபோகும் பையைக் கழுவிக் கொடியில் காயப்போட்டிருந்தாள்.

வருடக் கச்சேரிக்குப் பாட்டு எடுக்க மாஸ்டர் வரப்போகிறார் என்று எனக்குத் தெரியும். நான்கு குரல் இழுப்பறையை முழுக்கக் கொட்டித் தேடினேன். எனக்கு வேண்டியது இதுதான்: கடைசிப் பக்கத்தில் கூரை பிய்ந்துபோக வேண்டும், அதற்கு முந்திய பக்கங்கள் எல்லாம் ஆல்டோவுடையதாக இருக்க வேண்டும். கிடைத்தது. முதல் பக்கத்திலிருந்தே ஒற்றை ஆல்டோ குரல் நீளமாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். மற்ற எல்லோரும், சோப்ரானோ உட்பட, "ம்" போடுவார்கள். அந்த ஒற்றைக் குரலின் கடைசிச் சுரம் அப்படியே நீண்டு நிற்கும்போது, அதன்மேல் ஏறிக் கடைசிப் பக்கம் வெடிக்கும். நல்ல தச்சு வேலை. ஆணியே தெரியாது.

மாஸ்டர் வந்தார். தாளைக் கல்லாவின் மேல் பின் அட்டை மேலே தெரிய வைத்திருந்தேன். திறந்தார், முனகிப் பார்த்தார், முஷ்டி தானாக உயர்ந்தது.

"முன்னாடியும் ஒரு தடவ பாத்துடுங்க சார்" என்றேன். கடைக்காரனாக என் கடமை முடிந்தது.

"முன்னாடி என்ன தம்பி, எல்லாம் இங்க வந்து சேர்ற வழிதானே."

குழு முழுக்கப் பிரதிகள் போயின. முதல் பயிற்சியிலேயே மேடம் முதல் பக்கத்தைத் திறந்துவிட்டார். மேடம் என்பது மாஸ்டரின் மனைவி. தனிக்குரல் என்று எங்கே அச்சிட்டிருந்தாலும் அது அவருடையது என்பது அந்தக் குழுவில் யாரும் எழுதி வைக்காத சட்டம். அவர் குரல் மேலே போனால் கண்ணாடிபோல இருக்கும், பொய் சொல்லக்கூடாது. கீழே இறங்கினால் ஆளில்லாத வீடு. அன்றும் உதடுகள் அசைந்தன, தலை அழகாகச் சாய்ந்தது, பின்னால் போட்ட "ம்" மட்டும் கேட்டது என்று தங்கச்சி வந்து சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

மறுநாளே மாஸ்டர் ஃபோன் செய்தார். மேடத்தின் குரலுக்கு வசதியாகப் பாட்டை நான்கு சுரம் தூக்கி அச்சடித்துத் தர வேண்டும். செய்யலாம், கணினியில் ஒரு தட்டுதான். ஆனால் சுதியைத் தூக்குவது லிஃப்ட் மாதிரி. அதில் ஒருவர் மட்டும் மேலே போக முடியாது, உள்ளே நிற்கிற எல்லோரும் சேர்ந்துதான் ஏறுவார்கள். கடைசிப் பக்கமும் ஏறும் சார் என்று சொன்னேன். ஏறினால் இன்னும் ஜோராக இருக்கும் என்றார். நான் அதற்குமேல் விளக்கவில்லை. விளக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டில் கேட்டால் தெரியும்.

புதிய தாள்களை நானே கொண்டுபோனேன். ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பயிற்சி. நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள், தரையில் கிருமிநாசினி வாசம். மேடம் பாடினார். நன்றாகத்தான் இருந்தது. தங்கச்சி இரண்டாம் வரிசையில் "ம்" போட்டுக்கொண்டிருந்தாள், என் பக்கமே பார்க்கவில்லை. பிறகு கடைசிப் பக்கம் வந்தது.

சோப்ரானோக்கள் ஏறினார்கள். பாதிப்பேர் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். மீதிப்பேர் எட்டிய இடத்தில், தகரக் கூரையில் நாற்காலியை இழுப்பது போல ஒரு சத்தம் வந்தது. மாஸ்டர் கையை இறக்கினார். இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவை இன்னும் மோசம்.

மேடம் என்னைப் பார்த்து, கடைசிப் பக்கத்தை மட்டும் பழையபடி கீழே இறக்கித் தரச் சொன்னார். நியாயமான கோரிக்கை. அந்த நீளச் சுரத்தை எல்லோருக்கும் காட்டினேன். தனிக்குரல் நிறுத்தும் சுரத்திலேயேதான் கடைசிப் பக்கம் கால் வைக்கிறது. ஒன்றை மட்டும் இறக்கினால் நடுவில் படி இருக்காது, மொத்தக் குழுவும் கால் தவறி விழும். கேட்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது, விழுந்தது மட்டும் தெரியும்.

மாஸ்டர் பக்கத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி பக்கத்தைப் பார்த்தார். ஒரு மனிதன் எதை உண்மையாக நேசிக்கிறான் என்பது அப்போது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"ஏம்மா, உனக்கு இந்த வாரம் தொண்டை சரியில்லன்னு சொன்னல்ல?"

"நான் எப்ப சொன்னேன்?"

"காலைல சொன்னியே."

மேடம் தாளை மூடினார். மற்றவர்கள் தங்கள் தாள்களைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தார்கள். மாஸ்டர் ஆல்டோக்களின் பக்கம் திரும்பினார்.

"பழைய தாளையே எடுங்க. ஆல்டோல யாரு... நீங்க. அந்தப் பல் ஆஸ்பத்திரி." இத்தனை வருடத்தில் அவள் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "முதல்ல இருந்து ஒரு தடவ பாடுங்க."

அவள் பாடினாள். கீழே இறங்கிய இடத்திலும் குரல் ஆடவில்லை.

கச்சேரியன்று நான் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் நிகழ்ச்சித் தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார். அவள் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் விசிறி நின்றது. மேடத்தை முதல் வரிசையிலேயே நிறுத்தியிருந்தார்கள். அவரும் "ம்" போட்டார், மூச்சு எங்கே விடுவது என்று தெரியாமல் இரண்டு இடத்தில் திணறினார். பிறகு கடைசிப் பக்கம் வெடித்தது, கூட்டம் கைதட்டியது, மாஸ்டர் வணங்கினார், சோப்ரானோக்களைக் கைகாட்டி முன்னால் வரவழைத்தார். தனியாகப் பாடியவளைக் காட்ட மறந்துவிட்டார். மேடைக்குப் பின்னால், தனிக்குரல் நன்றாக இருந்தது, கொஞ்சம் நீளம்தான் என்று அவளிடமே சொல்லியிருக்கிறார்.

"நீளமா இல்ல சார், அச்சுல அவ்வளவுதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

அடுத்த வாரம் மேடம் தனியாகக் கடைக்கு வந்தார். நான்கு குரல் இழுப்பறை முன்னால் நின்று சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"கடைசிப் பக்கத்துலயே சோலோ வர்ற மாதிரி இருக்கா? சோப்ரானோ சோலோ?"

அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. தன்னையும் அளந்திருக்கிறார், கணவரையும் அளந்திருக்கிறார். அப்படி ஒருவர் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல என் வாய்க்கு வராது. அப்படி ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் போனதும் தங்கச்சிக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஆல்டோவுக்கு என்ன இருக்கு அதுல?" என்றாள்.

"ம்."

"எவ்வளவு நேரம்?"

"ஏறக்குறைய முழுப்பாட்டும்."

அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கோ பல் எடுக்க நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு மறுபடி வந்தாள்.

"மூச்சு விட இடம் போட்டிருக்கானா, பாத்தியா?"

"போடல."

"சரி, மேடத்துக்குக் குடுத்த பாட்டுல ஒரு பிரதிய எனக்கு முன்னாடியே எடுத்து வை. நானே குறிச்சுக்கறேன்" என்றாள். கச்சேரி முடிந்ததும் மறுபடி கழுவிக் கொடியில் போட்டிருந்த பையை எடுத்து, அடுத்த பயிற்சிக்கு மடித்து வைத்துவிட்டதாகவும் சொன்னாள்.