ஒருநாள் நின்ற தண்ணீர்

பினாயில் பாட்டிலை அன்பரசி பிடுங்கியபோது அதன் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. இரண்டு சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது.

"தொட்டி மேல ஒரு சொட்டு பட்டுச்சுன்னா உன் கைய ஒடச்சிருவேன்க்கா."

"நானா ஊத்தறேன்? உங்க பெரியப்பாதான் எல்லாத்தையும் கழுவச் சொன்னாரு," என்றாள் பக்கத்து வீட்டு லூர்துமேரி. "எனக்கு மட்டும் ஆசையா, தேரையக் குளிப்பாட்டணும்னு?"

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அக்கா கவிப்பிரியா கிடந்தாள். முப்பது முடிய இரண்டு மாதம் இருந்தது. நேற்றுக் காலை பதினொரு மணிக்கு, அன்பரசி இப்போது நிற்கிற இதே அறையில், இந்தத் தொட்டிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தெளிக்கிற பாட்டிலைக் கீழே வைத்தாள். சுவரில் சாய்ந்தாள். அவ்வளவுதான்.

தொட்டிக்குள் இரண்டு தேரைகள். வாழைச்சருகு நிறம். விரல் நுனியில் சின்னச் சின்ன உருண்டை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, கால்களை மடக்கி, பகல் தூக்கத்தில் இருந்தன. பாப்பாரப்பட்டியிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் பிணத்தைப் பார்த்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்த கையோடு இந்த அறைக்குள் தலையை நீட்டினார்கள். "வூட்டுக்குள்ள தேரைய வெச்சா பொம்பள எப்பிடிப் பொழைப்பா?" என்று ஆளுக்கொரு தடவை சொன்னார்கள். இரண்டு வருடமாக அவளை எட்டிப் பார்க்காதவர்கள் செத்த காரணத்தை மட்டும் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

வெளியே கார் வந்து நின்றது. பறை ஓய்ந்தது. பெரியப்பா கிருஷ்ணப்பன் வேகமாக உள்ளே வந்தார்.

"மாப்பிள்ள வந்துட்டாரு. அவங்கம்மா எறங்கவே மாட்டேங்குது. தேரை இருக்கற வாசல்ல என் மவன் கால வெக்க மாட்டான், சாக்கடையில கொட்டிட்டு வாங்க, நான் கண்ணால பாக்கணும், அப்பறந்தான் பொட்டு வெப்பான்னு சொல்லுது."

"வெக்க வேணாம்னு சொல்லுங்க."

"நீ பேசாத. உங்கம்மாவக் கேக்கறேன்."

அம்மா மாதம்மாள் ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் இருக்கச் செத்தவளை வாசலில் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தி, கடைசியாகப் புருஷன் கையால் நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்ப வேண்டும். நேற்றிலிருந்து அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. அப்பா செத்துப் பன்னிரண்டு வருடமாக வெறும் நெற்றியோடு இருக்கிறவள். மெதுவாக எழுந்து அறைக்குள் வந்தாள்.

"அன்பு. கொட்டிரு கண்ணு."

"அம்மா."

"உங்கக்கா வெறும் நெத்தியோட போவக் கூடாது. ரெண்டு தவக்களைக்காவ எம் மவளக் கொற வெச்சு அனுப்ப முடியாது."

அன்பரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொட்டியைப் பார்த்தாள்.

எட்டு மாதத்துக்கு முன், மழை நாளில், குளியலறையின் சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னால் முதல் தேரை வந்து ஒட்டிக்கொண்டது. அன்பரசி விளக்குமாற்றைத் தேடினாள். கவிப்பிரியா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதுக்கு ஒரு வூடு கட்டப் போறேன்."

"உனக்குக் கிறுக்கா? உன்னய எதச் சொல்லித் தொரத்துனாங்களோ அதையே கொண்டாந்து வெப்பியா?"

கல்யாணமான மூன்றாம் வருடம் கோயிலில் மாமியார் சாலம்மாள் உடைத்த தேங்காயில் பருப்பே இல்லை. வெறும் ஓடு. "தேரை மோந்த காயி," என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள் சாலம்மாள். "எங்க வூட்டுக்கும் ஒண்ணு வந்து வாச்சிருக்குது பாருங்க." அன்றிலிருந்து அந்த வீட்டில் கவிப்பிரியாவுக்கு அதுதான் பெயர். அடுத்த வருடம் பெட்டியோடு அனுப்பி வைத்தார்கள்.

"தேங்கா மரத்துல இருக்குது, தேரை தரையில இருக்குது. ஓட்டுக்குள்ள அது எப்பிடிடி போயி மோந்து பாக்கும்? பி.எஸ்சி. படிச்சவதானே, சொல்லு," என்றாள் கவிப்பிரியா.

அன்பரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் அவளே போனில் தேடிப் படித்துச் சொன்னாள். மரமேறுகிற சாதி, அகலம் வேண்டாம், உயரம் வேண்டும் என்று இருந்தது. தர்மபுரியில் வாங்கிய மீன் தொட்டியைக் கவிப்பிரியா நெட்டுக்குத்தாக நிற்க வைத்தாள். திறந்த பக்கத்துக்குக் கொசுவலையில் கதவு. அடியில் கொதிக்க வைத்து ஆற்றிய தேங்காய் நார்த்தூள். சாய்த்து வைத்த கொய்யாக் கிளை, ஒரு மணிபிளான்ட் கொடி, தண்ணீருக்கு ஹார்லிக்ஸ் மூடி. ஆழமாக வைத்தால் மூழ்கிவிடும். நேர் வெயில் கூடாது. கை உப்பு அதன் தோலுக்கு ஆகாது, தொடக் கூடாது. போர்த் தண்ணீர் ஆகாது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை இருக்கும், அதை நீல வாளியில் பிடித்து வாடை போக ஒருநாள் மூடாமல் வைத்து, மறுநாள்தான் தெளிக்க வேண்டும். சாயங்காலம் தெருவிளக்கடியில் விழுகிற பூச்சிகளைப் பொறுக்கி வருவாள். மாடிப்படி நான்கு ஏறினால் மூச்சு வாங்குகிறவள், பூச்சிக்காக நாலு விளக்குக்கம்பம் நடந்தாள். இரண்டாவது தேரை அதுவாகவே வந்து சேர்ந்தது.

"சொந்த வூடு எனக்குத்தான் இல்ல, இதுங்களுக்காச்சும் இருக்கட்டும்," என்று ஒருநாள் சொன்னாள். "தண்ணிய மட்டும் மறந்துறாத."

அன்பரசி குனிந்து தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். உள்ளே ஹார்லிக்ஸ் மூடி கிளுக்கென்று ஆடியது. அம்மா வழிவிட்டாள். வாசலில் இருந்தவர்கள் தேரை வருகிறது என்று சிதறி ஒதுங்கினார்கள். பந்தலைத் தாண்டி, சாக்கடையைத் தாண்டி, அவள் கார் வரைக்கும் போனாள்.

மாப்பிள்ளை கதிரவன் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. அழுதிருப்பான். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"புடி."

அவன் யோசிக்காமல் கை நீட்டி வாங்கிவிட்டான். அக்கா புருஷனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"வெயில்ல நிக்காத. நெழலுக்கு வா. சூடு தாங்காது அதுங்க."

அவன் பந்தல் நிழலுக்கு நகர்ந்தான். காருக்குள்ளிருந்து சாலம்மாள் கத்தினாள். "டேய், கீழ போடுடா அந்தச் சனியன!"

"சேலத்துல டாக்டர் எழுதிக் குடுத்தாரே," என்றாள் அன்பரசி. "மடிச்சு சட்டப் பையில வெச்சியே. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்னு அக்காகிட்ட சொன்னியே. சொல்லிட்டியா?"

கதிரவன் தொட்டியின் கண்ணாடியைப் பார்த்தான்.

"அப்பறம் பேசலாம் அன்பு."

"மூணு வருசமா அப்பறந்தான்."

சாலம்மாள் காரை விட்டு இறங்கினாள். "என்ன சீட்டுடா? இவ என்ன ஒளர்றா?"

அவன் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இதற்குமேல் காத்திருக்க அன்பரசியால் முடியவில்லை.

"எங்கக்காவுக்கு நெஞ்சுல வால்வு சுருங்கிப் போச்சுங்க அத்தை. கொழந்த உண்டானா உசுருக்கு ஆபத்து, மொதல்ல ஆபரேசன் பண்ணுங்கன்னு எழுதியிருந்துச்சு. உங்க மவன் கூடவே உக்காந்து கேட்டாரு. அவருதான் கொழந்த வேணாம்னு தள்ளித் தள்ளிப் படுத்தாரு. பெக்கலன்னு நீங்க தொரத்திவுட்டீங்க. ஆபரேசனுக்கு நாங்க பேரு எழுதறதுக்குள்ள நாள் போயிருச்சு."

சாலம்மாள் மகன் முகத்தைப் பார்த்தாள். "நெசமாடா?"

ஒரு தேரை கண்ணைத் திறந்தது. கண்ணாடியில் ஒரு கையை எடுத்து, கொஞ்சம் மேலே வைத்தது. கதிரவன் தொட்டியைச் சாய்த்துவிட்டதில் ஹார்லிக்ஸ் மூடித் தண்ணீர் நார்த்தூளில் கொட்டியது.

சாலம்மாள் மறுபடி கேட்கவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கதிரவன் தொட்டியோடு நிழலிலேயே நின்ற அரைமணி நேரத்தில், கவிப்பிரியாவை வாசலில் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். கோடிச் சேலை போர்த்தியாயிற்று. "நேரமாவுது, பொட்டு வெக்கறவரு வாங்க," என்று பெரியப்பா கூப்பிட்டார்.

கதிரவன் தொட்டியோடு குனிந்தான்.

"கீழ வெக்காத. தரை கொதிக்குது."

யாரிடமாவது கொடுக்கலாம் என்று சுற்றிப் பார்த்தான். அவன் திரும்பிய பக்கமெல்லாம் ஆட்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். பெண்கள் பிள்ளைகளை இழுத்து முந்தானைக்குள் மறைத்தார்கள். அன்பரசி கையைக் கட்டிக்கொண்டாள்.

"யாராச்சும் வாங்குங்களேன்," என்றான்.

யாரும் வாங்கவில்லை. அத்தனை பயத்தையும் அவன் அம்மாதான் கோயிலில் தேங்காய் உடைத்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்து வைத்திருந்தாள்.

அப்போது மாதம்மாள் குங்குமக் கிண்ணத்தை எடுத்தாள். பெண்கள் பதறினார்கள். "மாதம்மா, நீ வெக்கக் கூடாதுடி. ஆவாதுடி."

அம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டு மகள் நெற்றியில் வைத்தாள். பெரிதாக, வட்டமாக. கோணலாகிவிட்டதோ என்று கட்டைவிரலால் ஓரத்தைத் துடைத்துச் சரி செய்தாள். பள்ளிக்கூடம் அனுப்புகிற மாதிரி.

"தூக்குங்க," என்றாள்.

பறை மறுபடி எழும்பியது. லூர்துமேரி கதிரவனிடம் வந்தாள். "குடு தம்பி. எனக்கு மூணு பெத்தாச்சு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசனும் ஆயிருச்சு. இனிமே மோந்து பாத்து என்ன பண்ணும்?" தொட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதிரவன் கூட்டத்தின் கடைசியில், வெறுங்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தான்.

தெருமுனை வரை போய்விட்டு அன்பரசி திரும்பியபோது வீட்டைக் கழுவி முடித்திருந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக் கூடாது என்று குடம், அண்டா, தவலை எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்திருந்தார்கள். நீல வாளியும் கவிழ்ந்து கிடந்தது.

"அத யாரு கொட்டுனது?"

அவள் போட்ட சத்தத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது.

அறையில் தொட்டி பழைய இடத்தில் இருந்தது. முக்காலிக்கு அடியில் தெளிக்கிற பாட்டில் உருண்டு கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு விரல் தண்ணீர் மிச்சம். நேற்றுக் காலை அக்கா ஊற்றியது. கொசுவலைக் கதவைத் திறந்து கொடியின் மேல் ஒரு தடவை, கிளையின் மேல் ஒரு தடவை அழுத்தினாள். மீதத்தை ஹார்லிக்ஸ் மூடியில் ஊற்றினாள். மூடி பாதிகூட நிறையவில்லை.

நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. பிளீச்சிங் வாடை குப்பென்று அடித்தது. அன்பரசி வாளியை நிமிர்த்தி, கழுவி, விளிம்பு வரை பிடித்தாள். தூக்கி வந்து அறை வாசலில் வைத்தாள்.

குளித்துவிட்டு ஈரச் சேலையோடு வந்த அம்மா, பழக்கத்தில் ஒரு தட்டை எடுத்து வாளியை மூடப் போனாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, தட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள்.