செவிச் சோதனைக்கு முன் இரண்டு நாள்

கொதிகலனைத் துப்புரவு செய்வதற்காகச் சனியும் ஞாயிறும் ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டது. எட்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டுவந்த ஏரிப் பயணத்தை இனியும் தள்ளிப்போடுவதில்லை என்று மேஸ்திரியும் சம்பந்தியும் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டனர்.

சம்பந்தி என்பது உறவால் வந்த பெயரன்று. அயல்நாட்டுக்கு வேலைக்கு வந்த முதல் வாரத்தில், ஒருவனுக்கு மகனும் மற்றவனுக்கு மகளும் இருப்பது தெரியவந்ததும், தொட்டிலைவிட்டு இறங்காத அந்தக் குழந்தைகளை ஒரு வார்த்தை கேளாமல் இருவரும் கட்டில்மீது உட்கார்ந்து சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். அன்றுமுதல் பெண்ணைப் பெற்றவன் சம்பந்தியானான். பிள்ளையைப் பெற்றவனோ, பாட்டில் கழுவும் வரிசைக்குப் பொறுப்பாளனாக இருந்தமையால், மேஸ்திரியாகவே நிலைத்துவிட்டான்.

இரண்டு நாளுக்கு வேண்டிய துணி, அரிசி, முட்டை, வெங்காயம் ஆகியவற்றைப் பையில் அடுக்கியபோது, மேஸ்திரியின் நெஞ்சில் தனியாக ஒரு சுமை ஏறியிருந்தது. வியாழனன்று சம்பந்தியின் மனைவி அவனைத் தொலைபேசியில் அழைத்திருந்தாள்.

“அண்ணா, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? நாலஞ்சு மாசமா அவர் என்கிட்ட சரியாவே பேசறதில்ல. நான் மூச்சுவிடாம பேசினா, ‘ஆமாம், சரி, பார்த்துக்கலாம்’, அவ்வளவுதான். அப்பாவுக்கு ஆபரேஷன்னு சொன்னேன். சிரிச்ச முகமா ‘நல்லது நல்லது’ன்னுட்டு வச்சிட்டார். பொண்ணு ஆசையா பாடிக் காட்டினா, பாதிப் பாட்டுல ‘சரிம்மா, போய்ப் படி’ங்கறார். உண்மையைச் சொல்லிடுங்க. அங்க அவருக்கு வேற யாராவது…”

“என்னம்மா பேச்சு இது? அவனுக்குச் சட்டைக்குப் பொத்தான் தைக்கவே நேரமில்ல.”

“விளையாடாதீங்க அண்ணா. திங்கட்கிழமை பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க அப்பா வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி உங்களை ஒரு தடவை கேட்டுடலாம்னுதான்.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள உனக்குப் பதில் சொல்றேன். அதுவரைக்கும் பெட்டி கட்டாதே.”

வாக்குக் கொடுத்துவிட்டானேயொழிய, எப்படிக் கேட்பது என்பது அவனுக்கு விளங்கவில்லை. எட்டு ஆண்டுகள் ஒரே வரிசையில் நின்றவனிடம், “உனக்கு வேறொருத்தி உண்டா?” என்று எந்த வாயால் கேட்பது?

அவ்விருவரும் வாயால் பேசிக்கொண்டதே குறைவு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மணிக்கு ஆயிரக்கணக்கான கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடும் கூடத்தில், காதுக் கவசம் அணிந்து நிற்பவர்களுக்கு வாய் எதற்கு? மணிக்கட்டில் இரு விரலை வைத்தால் தேநீர். உச்சந்தலையைத் தடவினால், வழுக்கை மேலாளர் வருகிறார். கன்னத்தை உப்பிக் காட்டினால், சோறு போதவில்லை. இந்தக் கைப்பேச்சிலேயே அவர்கள் குடும்பக் கதை பேசியிருக்கிறார்கள், சண்டையிட்டிருக்கிறார்கள், அடுத்த வரிசைக்காரனைக் கேலி செய்து கண்ணில் நீர்வரச் சிரித்துமிருக்கிறார்கள். தங்கியிருந்த அறையிலும் ஆறு பேர், ஓயாத தொலைக்காட்சி. ஆகவே பழக்கதோஷத்தால் அங்கும் கைப்பேச்சே நடந்தது.

ஏரிக்கரை விடுதியில் பேருந்தைவிட்டு இறங்கியவுடன் மேஸ்திரியைத் தாக்கியது அங்கிருந்த அமைதிதான். இலை விழுவதுகூடக் கேட்டது. ஒரு படுக்கையறை, மூலையில் அடுப்பு, ஏரியை நோக்கிய சன்னல். இவ்வளவே அவர்களுக்குக் கிடைத்த மாளிகை.

“எப்படி இருக்கு?” என்றான் சம்பந்தி, வீட்டுக்கு வந்த மருமகனுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டும் மாமனாரைப்போல. “ஏரியைப் பாரு. இத்தனை தண்ணி, ஒரு பாட்டில்ல அடைக்க ஆளில்ல!”

நண்பகலில் இருவரும் கரையோரப் பாதையில் நடந்தார்கள். சம்பந்தி அரையடி முன்னால் சென்றான். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“சம்பந்தி, வீட்டுல எல்லாம் சரிதானே?”

சம்பந்தி திரும்பவில்லை. தண்ணீரில் ஒரு வாத்து தலைகீழாக மூழ்குவதைச் சுட்டிக்காட்டி, “நம்ம மேலாளர் மாதிரியே இருக்கு பாரு, முன்னாடி ஒண்ணும் இல்ல, பின்னாடி மட்டும் ஆட்டம்” என்று சிரித்தான்.

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்றுகிறான் என்று எண்ணினான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று மனத்துக்குள் வழக்கை நடத்தித் தீர்ப்பெழுதத் தொடங்கிவிட்டான். “உன் வீட்டுக்காரி என்கிட்ட பேசினா” என்றான் மறுபடியும், சற்று உரக்க. சம்பந்தி நடந்துகொண்டேயிருந்தான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சைக்கிள் மணி ஒலித்தது. மேஸ்திரி ஒதுங்கினான். சம்பந்தி ஒதுங்கவில்லை. மணி விடாமல் ஒலித்தது. கடைசியில் சைக்கிளில் வந்த முதியவர் புல்லில் இறங்கி, தடுமாறி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கடந்துபோனார். அவர் தோளை உரசிச் சென்ற பிறகுதான் சம்பந்தி துள்ளி விலகினான்.

“மணி அடிக்காம வந்து ஏத்தப் பார்க்கறான் பாரு!” என்றான்.

மேஸ்திரி மனத்துக்குள் எழுதிய தீர்ப்பு, மை உலரும் முன்பே கலைந்துவிட்டது.

அறைக்குத் திரும்பியதும் சம்பந்தி தண்ணீர் கொதித்தால் விசிலடிக்கும் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, சன்னலோரம் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கலானான். மேஸ்திரி குளிக்கப் போனான். தலையில் சோப்பு நுரையோடு இருக்கையில், கெட்டில் சீறத் தொடங்கியது. சீறல் கூவலாயிற்று, கூவல் அலறலாயிற்று. துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், அடுப்புக்கு நான்கடி தள்ளி, முதுகைக் காட்டியபடி, தலையை அசைத்து அசைத்துச் சம்பந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி அடுப்பை அணைத்தான். நண்பனுக்குப் பின்னால் வந்து நின்று, நிதானமாகச் சொன்னான்.

“இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம். உன் பொண்ணை என் வீட்டுல எடுக்கறதா இல்ல.”

விளையாட்டுக்குச் சொன்னாலும் கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிறவன் சம்பந்தி. அவனோ அடுத்த வெங்காயத்தை எடுத்தான். மேஸ்திரி சுற்றிவந்து அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“எத்தனை நாளா காது கேக்கல?”

சம்பந்தியின் கண்கள் மேஸ்திரியின் உதட்டில் பதிந்திருந்தன. இத்தனை நாளும் அவை அங்கேதான் பதிந்திருந்தன என்பது மேஸ்திரிக்கு இப்போதுதான் உறைத்தது.

“யார் சொன்னா?”

“கெட்டில் சொல்லுச்சு.”

சம்பந்தி அடுப்பைப் பார்த்தான். நண்பனின் தலையிலிருந்து வழியும் நுரையைப் பார்த்தான். பிறகு கத்தியைக் கீழே வைத்தான்.

“வலது காது போன வருஷமே போயிடுச்சு. இடதுல ஏதோ கொஞ்சம். எதிர்ல உக்காந்தா உதட்டைப் பார்த்துச் சமாளிச்சிடுவேன்.”

“அப்ப ஃபோன்ல?”

“ஃபோன்ல ஒண்ணும் வராது. வீடியோவுல அவ முகம் கட்டம் கட்டமா உடையுது, உதட்டை எங்க தேடறது? அவ நிறுத்தினா ‘சரி’ம்பேன். மறுபடி நிறுத்தினா ‘ஆமாம்’பேன். அழற மாதிரி எதுவும் தெரியலேன்னா, சிரிச்சு வைப்பேன்.”

“உன் மாமனாருக்கு ஆபரேஷன்னு சொன்னாளாம். அதுக்கும் சிரிச்சிருக்க.”

“எந்த ஆபரேஷன்?” சம்பந்தியின் முகம் வெளுத்தது. “எப்போ?”

மேஸ்திரி தனக்குத் தெரிந்ததையெல்லாம், உதடு நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். சிரித்தது, பாதியில் நின்ற பாட்டு, அவளுக்கு வந்திருக்கும் சந்தேகம், திங்கட்கிழமைக்குக் காத்திருக்கும் பெட்டி. கேட்டுக்கொண்டிருந்த சம்பந்தி இருகையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். கையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது. அதற்கு வெங்காயத்தைக் குறைசொல்ல அவன் முயலவில்லை.

“போன வருஷம் சோதனையில எப்படிடா தேறின?” என்றான் மேஸ்திரி.

ஆண்டுக்கொருமுறை ஆலைக்குச் செவிச் சோதனை வண்டி வரும். நேரத்தை மிச்சப்படுத்த இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, இருவர் காதிலும் ஒரே ஒலியை விடுவார்கள். கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும்.

“உன் கட்டைவிரலைப் பார்த்து. நீ அழுத்தினா நானும் அழுத்தினேன். அதுக்குத்தானே இடம் பிடிச்சு உனக்கு எதிர்ல உக்காந்தேன்.”

இருவர் சோதனைத் தாளும் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கின்றன என்று அன்று நர்ஸ் வியந்ததும், காதும் பொருந்திய சம்பந்தம் என்று தான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டதும் மேஸ்திரிக்கு நினைவுவந்தன.

“வர்ற புதன்கிழமையும் எதிர்லயே உக்காந்துடு மேஸ்திரி. இந்த ஒரு வருஷம். ஜூன்ல ஒப்பந்தம் புதுப்பிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.”

மேஸ்திரியின் மனம் ஆலைக்குப் போய்விட்டது. இயந்திரம் எங்கே பிசகுகிறது என்பதை ஓசையைக்கொண்டே கண்டுபிடிப்பதில் சம்பந்தியை விஞ்ச ஆளில்லை. ஒரு பேரிங் தேயத் தொடங்கினால், பிரித்துப் பார்ப்பதற்குள் அரைநாள் போய்விடும். சம்பந்தி கவசத்தைக் கழற்றி, காதை இயந்திரத்தருகே கொண்டுபோனால், இரண்டே நிமிடத்தில் இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுவான். இந்த ஓராண்டாக அவன் உள்ளங்கையையும் இயந்திரத்தில் வைத்து அதிர்வைப் பார்த்துவந்ததன் பொருள் மேஸ்திரிக்கு இப்போது விளங்கியது. கழற்றக்கூடாது என்பது விதி. ‘காதைத் திற’ என்று விரலால் சைகை காட்டியவன் யார்? வாரத்துக்கு மூன்று முறை, எட்டு ஆண்டுகள், மேஸ்திரியே. வரிசை நிற்காமல் ஓடியதற்கு அவனுக்குப் பாராட்டும் கிடைத்திருக்கிறது.

“மாட்டேன்” என்றான்.

“என்ன?”

“உக்கார மாட்டேன். இருக்கிற கொஞ்சமும் போயிடும். உன் பொண்ணோட குரலை நேர்லகூட உன்னால கேக்க முடியாம போயிடும்.”

“வேலை போனா உனக்கென்ன, நீ மேஸ்திரி!” என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

கோபித்துக்கொண்ட மனிதனிடம் முதுகுப்புறமிருந்தாவது நியாயம் பேசலாம். இவனிடம் அதற்கும் வழியில்லை. மேஸ்திரி கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து, இடுக்கில் நுழைந்து, அவன் முகத்துக்கெதிரே குந்தினான். சம்பந்தி மறுபக்கம் புரண்டான். மேஸ்திரி மறுபக்கம் வந்தான். அவன் மறுபடி புரண்டான். நான்காவது சுற்றில் மேஸ்திரிக்கு மூச்சு வாங்கியது.

“காதைத் திறக்கச் சொன்னவன் நான்தான்டா!” என்றான், கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு. “திங்கட்கிழமை காலையில மேலாளர்கிட்ட முதல்ல நான் போறேன். என் தப்பைச் சொல்லிட்டுத்தான் உனக்குச் சத்தமில்லாத இடம் கேப்பேன். அட்டைப்பெட்டிக் கிடங்குல ஆள் வேணும்னு ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டிருக்காங்க. கிடைக்குமா கிடைக்காதா தெரியாது. உன்னைத் தனியா விடமாட்டேன், அது தெரியும்.”

சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டான். மேஸ்திரியை வாயடைக்கச் செய்ய அதுவும் ஒரு வழியாக அவனுக்கு வாய்த்திருந்தது. அன்றைய சோறு உப்பில்லாமல் வெந்தது, குறைசொல்லவும் ஆளில்லை.

ஞாயிறு காலையில் மேஸ்திரி கண்விழித்தபோது சம்பந்தி நாற்காலியை எதிரே போட்டு உட்கார்ந்திருந்தான்.

“மாமா இப்ப எப்படி இருக்கார்?”

“எனக்கெப்படித் தெரியும்? உன் வீட்டுக்காரிகிட்ட கேளு.”

“கூப்பிடு” என்றான் சம்பந்தி. “நானே சொல்றேன். ஆனா புதன்கிழமை விஷயத்தை அவகிட்ட சொல்லாதே.”

“அதையும் நீயேதான் சொல்லணும்.”

மறுமுனையில் அவள் எடுத்ததும் மேஸ்திரி கைபேசியை நண்பன் வாயருகே பிடித்தான். சம்பந்தி மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல் இடைவெளியின்றிச் சொன்னான்: “நான்தான் பேசறேன். நீ பேசினா எனக்குக் கேக்காது, அதனால நடுவுல பேசாதே. ஒரு வருஷமா எனக்குக் காது போயிடுச்சு. உன்கிட்டயும் சொல்லல, இவன்கிட்டயும் சொல்லல. போன வருஷம் சோதனையில இவன் விரலைப் பார்த்து ஏமாத்தினேன், வர்ற புதன்கிழமையும் அப்படியே ஏமாத்த இருந்தேன். நீ சொன்னது எதுவும் எனக்குக் கேக்கல. மாமாவுக்கு ஆபரேஷன்னு நேத்துதான் தெரியும். என்னை விட்டுட்டுப் போகாதே.”

பிறகு கைபேசியை மேஸ்திரியின் கையில் திணித்துவிட்டு அவன் முகத்தையே பார்த்திருந்தான்.

மறுமுனையிலிருந்து, “காதுதானா அண்ணா?” என்று ஒரு குரல் வந்தது. “வெறும் காதுதானா?”

“காதுதாம்மா.”

அவள் விம்மி விம்மி அழுதாள். மேஸ்திரியின் கண்ணும் கலங்கியது. அதைக் கண்ட சம்பந்தி பதறிப்போனான். “என்ன சொல்றா? போறேங்கறாளா?”

மேஸ்திரி இல்லையென்று தலையசைத்தான். தான் செய்ததையும் அவளிடம் ஒளிக்காமல் சொன்னான்.

“உங்களுக்கு அப்புறம் இருக்கு அண்ணா” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “புதன்கிழமை அவர் தனியா உக்காரணும். வேலை போனா வீட்டுக்கு வரட்டும், இங்க யாரும் பட்டினி கிடக்கல. அப்பா எழுந்து நடக்கறார்னு சொல்லுங்க. இப்ப பேப்பர் எடுத்துக்குங்க.”

“பேப்பரா?”

“அஞ்சு மாசமா நான் பேசினது ஒண்ணும் அவருக்குப் போய்ச் சேரல இல்ல? எல்லாத்தையும் மறுபடி சொல்றேன். எழுதுங்க.”

அவள் சொல்லச் சொல்ல மேஸ்திரி எழுதினான். விடுதியின் விதிமுறைத் தாளின் பின்பக்கம் நிரம்பியது. பேருந்துச் சீட்டின் உறையும் நிரம்பியது. சம்பந்தி தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, மை காயும் முன்பே வரிவரியாகப் படித்தான். மாமனார் நடக்கிறார் என்ற வரியில் கையெடுத்துக் கும்பிட்டான். மகள் பாடியது எந்தப் பாட்டு என்ற வரியை இருமுறை படித்தான். திடீரென்று நெற்றியைச் சுருக்கினான்.

“எங்கயோ விட்டிருக்க மேஸ்திரி.”

“ஒண்ணும் விடல.”

“இதுல திட்டே இல்லையே! அவ திட்டாம இவ்வளவு பேசமாட்டா. நீ பாவம் பார்த்துச் சுருக்கியிருக்க.”

மேஸ்திரி குற்றம் பிடிபட்டவனாய்க் கைபேசியை வாயருகே கொண்டுபோனான். “அம்மா, திட்டையும் எழுதச் சொல்றான்.”

“மொதல்லேருந்து ஆரம்பிக்கவா?” என்றாள் அவள்.

ஆலைக்குத் திரும்பவேண்டிய பதினொரு மணிப் பேருந்து சன்னலுக்கு வெளியே வந்து நின்று, இவர்களுக்காகச் சற்றுக் காத்திருந்து, கிளம்பிப் போயிற்று. சம்பந்தி ரொட்டி வாங்கிய காகிதப் பையைக் கிழித்து, முழங்காலில் வைத்து நீவி, மேஸ்திரியின் பக்கம் தள்ளினான்.