துண்டில் ஒரு முடிச்சு

1

இந்தக் கதை எனக்கு ஆலங்காயம் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் சகுந்தலா, சமையல் மாஸ்டர் தேவராஜின் மனைவி. "எழுதுங்க சார். குடிகாரருன்னு மட்டும் எழுதிடாதீங்க. ஊரே அதான் சொல்லுது" என்றார்.

2

'ஜவ்வாது மலையில் பனி இறங்கிய ஒரு காலையில்...' வேண்டாம். பனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒடிசாவில் போர்வெல் லாரிக்காரர்களுக்குச் சமைக்கப் போன இடத்தில் தேவராஜுக்கு மலேரியா வந்தது. அது மூளையைத் தாக்கியதில், நாள்கணக்கில் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தார். (காய்ச்சல் போய்விட்டது, ஆனால் சிலருக்கு மறதி தங்கிவிடும் என்றார் டாக்டர். ஊர் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டது.) பழைய கைப்பக்குவம் அப்படியே இருக்கிறது. சற்றுமுன் செய்ததுதான் மனதில் நிற்பதில்லை.

கல்யாணச் சமையலென்றால் ருசி பார்த்துச் சமாளிக்கலாம். ஆடித் திருவிழாவில் அம்மனுக்குப் படைக்கும் முன் யாரும் வாயில் வைக்கக் கூடாது. அதற்குச் சகுந்தலா ஒரு வழி கண்டுபிடித்தார்: உப்பு போட்டதும் தோள் துண்டில் ஒரு முடிச்சு.

3

போன ஆடி. சாம்பாரில் உப்பு போட்டார், முடிச்சும் போட்டார். அந்நேரம் பூசாரி குணசீலன் கற்பூரத் தட்டோடு அடுப்படிக்கு வந்தார். சாமிக்கு முன் தோளில் துண்டு கிடக்கலாமா? தேவராஜ் பதறிப்போய் அதை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, உதறி இடுப்பில் கட்டிக்கொண்டார். பூசாரி போனதும் துண்டைப் பார்த்தார். முடிச்சு இல்லை. இன்னொரு முறை உப்பை அள்ளிப் போட்டார்.

[இந்த இடத்தில் சகுந்தலா ஓடிவந்து, "போட்டாச்சு, வுடுங்க!" என்று கையைப் பிடிப்பதாக எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அவர் அப்போது மாவிளக்கோடு கோயில் வரிசையில் நின்றார். அதைச் சொல்லி இன்னும் அழுகிறார். எனக்கும் தாங்கவில்லை.]

"இன்னா மாஸ்டரு, குடிச்சிட்டா சாமி சோறு ஆக்குன?" என்றார், படையல் முடிந்து சாம்பாரை வாயில் வைத்த குணசீலன்.

4

முடிவு ஒன்று: இந்த ஆடிக்கும் தேவராஜையே கூப்பிடுகிறார்கள். முடிவு இரண்டு: கூப்பிடவில்லை, அதன்பின் ஒரு கல்யாண வீடும் அவரைத் தேடி வரவில்லை. ஊர்க்கூட்டம் இன்னும் கூடவில்லை. நான் முந்திக்கொள்வது நியாயமில்லை.

இதுவரை எழுதியதை அவர் வீட்டில் வைத்தே படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

"சார், கதையில நான் உப்பு போட்டுட்டனா?"

"போட்டுட்டீங்க மாஸ்டர்."

தலையாட்டினார். இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் மறுபடியும் கேட்டுவிட்டார்.

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது. சகுந்தலா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். அவர் வரும்வரை நீங்கள் கொஞ்சம் மாஸ்டர் பக்கத்தில் இருங்கள். கேட்டால், சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.