ஒத்தாசைக்கு வந்தவள்

விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. ஈர விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் விடுகிறவள் முதலாளியின் கூடப்பிறந்த அக்கா. கணவன் செத்தபின் ஒரு தகரப்பெட்டியோடு தம்பியிடம் வந்தாள். சோப்பு மூட்டைகள் அடுக்கிய அறையில் படுக்க இடம் கொடுத்தான். மாதச் சம்பளமும் கொடுத்தான். ஆனால் உறவைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது அவன் மனைவியின் உத்தரவு.

யாராவது கேட்டால், "நம்ம ஆளு" என்பான். ஒருமுறை விடுதி மேலாளர் நிற்கும்போது அவள் வாய்தவறித் "தம்பி" என்று கூப்பிட்டுவிட்டாள்.

"யாருக்கு யாரு தம்பி? வேலைக்கு வந்தா வேலைய மட்டும் பாரு!" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். அன்றிலிருந்து அவளுக்கும் அவன் முதலாளிதான்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புத் தகடு இருந்தது. வேலை மெதுவாகிறது என்று அவன்தான் அதைக் கழற்றச் சொன்னான். அந்த வாரமே விரிப்போடு அவள் வலது கையும் உள்ளே போனது. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை மட்டும் விட்டுவைத்தார்கள்.

கூட இருந்து பார்த்துக்கொண்டவள் துணி மடிக்கும் பெண். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தவளும் அவளே.

"அக்கா, நாளைக்கு அதிகாரி வருவாங்க. தொழிலாளின்னு சொல்லு. அந்த ஒரு வார்த்தை போதும்."

"தொழிலாளியா? அது கொடி புடிச்சுக்கிட்டு ஊர்வலம் போறவங்க இல்ல?"

"சம்பளம் வாங்கறவங்க எல்லாருமே தொழிலாளிதான்க்கா."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் கை விண்விண்ணென்று தெறித்தது.

மறுநாள் அதிகாரி அம்மாள் வருவதற்குச் சற்று முன் தம்பி வந்து சேர்ந்தான். கட்டிலில் உட்கார்ந்து அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டான்.

"நீங்க இவர்கிட்ட சம்பளத்துக்கு வேலை செய்றீங்களாம்மா?" என்று வந்ததும் அதிகாரி கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க! என் சொந்த அக்கா. வீட்ல சும்மா இருக்க முடியாம ஒத்தாசைக்கு வர்றாங்க. அக்காவப் போய் யாராவது தொழிலாளின்னு சொல்வாங்களா?" அவன் குரல் உடைந்தது. "அக்கா, நீயே சொல்லுக்கா."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் அழுவதற்கு முன் இப்படித்தான் உதட்டைக் கடிப்பான்.

"ஆமாம்மா. என் தம்பிதான். ஒத்தாசைக்குத்தான் போறேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தொழிலாளின்னா நஷ்டஈடு உண்டு. ஒத்தாசைன்னா ஒண்ணும் கிடையாது."

"என் தம்பி என்னைப் பாத்துப்பான்."

அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் மடிக்கும் பெண்ணுக்கு வேலை போனது. அதை அவளிடம் சொல்ல, கட்டுப்போட்ட கையோடு அக்காவைத்தான் தம்பி சலவைக்கூட வாசலுக்கு அனுப்பினான்.

"என் செருப்ப மட்டும் எடுத்துக் குடு," என்றாள் அந்தப் பெண்.

மடிக்கிற மேசை அக்காவுக்கு வந்தது. மாதக் கடைசியில் மற்றவர்களோடு அவளும் சம்பளத்துக்கு நின்றாள்.

"உனக்கு எதுக்கு?" என்றான் தம்பி. "வீட்டு மனுஷிக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா? நீதானே அதிகாரிகிட்ட அப்படிச் சொன்ன."

பின்னால் நின்ற, விடுதிகளுக்குத் துணி கொண்டுபோகும் வண்டிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் ஓரமாக ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டாள்.

ஒரு கையால் பெரிய விரிப்பை மடிப்பது லேசில்லை. நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு இடக்கையால் இழுத்து மடித்துப் பழகினாள். தம்பி மனைவி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"வெளிய போற துணி. வாய் வைக்காத," என்றாள்.

அதன்பின் அவள் நுனியை மோவாயால் மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்படி மடிக்கையில் பாதி விரிப்புகள் கோணின. கோணியதையெல்லாம் பிரித்து மறுபடி மடித்தாள்.