போகாதீர்கள், போகாதீர்கள்

விருப்ப ஓய்வில் போகும் மேலாளரை வழியனுப்பக் கணக்காளர் கணினியில் ஸ்வரம் எழுதி ஒரு பாட்டு அமைத்தார். முதல் தடவை அது "போகாதீர்கள்" என்று முடிந்து, மறுபடி தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பப் பாடும்போது "போய் வாருங்கள்" என்று முடிய வேண்டும். ஆனால் அவசரத்தில் முதல் முடிவையே எல்லாத் தடவைக்கும் குறித்துவிட்டார்.

விழாவில் கணினி விடாமல் வாசித்தது. ஊழியர்களும் "போகாதீர்கள்" என்றே தொண்டை கிழியப் பாடினார்கள். நடுவில் நிறுத்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மேலாளர் தேம்பித் தேம்பி அழுதார். "இவ்வளவு கெஞ்சுறீங்களே! சரி, நான் எங்கயும் போகல!"

மேலாளர் நாற்காலிக்காகவே புதுச் சட்டை போட்டு வந்திருந்த துணை மேலாளர், கணக்காளரின் மனைவிக்கு அண்ணன். அவர் பல்லைக் கடித்தார். "மாப்ள, ரெண்டாவது முடிவு எங்க?"

"அடுத்த பக்கத்துல இருக்கு மச்சான். அங்க போகத்தான் வழியில்ல."