கூரைவரை வளர்ந்த கழுத்து

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவளுடைய கழுத்து ஒரே மழைக்காலத்தில் மின்கம்பத்தின் உயரத்துக்கு வளர்ந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உயரத்தைக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது.

எல்லாம் ஒரு தாளால் வந்தது. தொழிலாளிக்கு என்னென்ன உரிமை என்று அச்சடித்து, வேலை நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் மாட்டச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. முதலாளிக்கு ரத்தம் கொதித்தது. "சுவரு என்னோடது, ஆணி என்னோடது. அதுல எதை மாட்டணும்னு சொல்ல அரசாங்கம் யாரு, என் மாமனாரா?" என்று வழக்குப் போட்டார். மாமனாரைவிட அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு, தாள் தொழிலாளர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வக்கீல் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "கண்ணுல படணும்னுதான் சொல்லியிருக்காங்க, முதலாளி. படிக்க முடியணும்னு எங்க இருக்கு?" அன்றே தாள் கூரையின் உச்சி உத்தரத்துக்கு ஏறியது. ஏணியை அறுத்து விறகாக்கினார்கள். கீழிருந்து பார்த்தால் தபால்தலை அளவுக்குத் தெரிந்தது.

காலர் தைத்தவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வயிறு வெளியே தெரிந்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அதைப் பற்றித் தாளில் ஒரு வரி இருக்கிறது என்று பக்கத்து மெஷின்காரி காதில் போட்டாள். அந்த வரி மட்டும் இருந்துவிட்டால் வேலை தங்கும். அதனால் கை தைத்துக்கொண்டிருக்க, கண் மேலேயே இருந்தது. முதலில் பிடரி வலித்தது. அப்புறம் வலி விட்டது. கழுத்து வளர ஆரம்பித்தது. வீட்டில் படுத்தால் தலை சமையலறையில் கிடக்கும். "எனக்குக் கழுத்தை நீட்டுனப்ப இவ்வளவு நீளம் இல்லையேடி," என்றான் புருஷன். "இப்ப நீட்டறது உனக்கில்ல, தூங்கு," என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. தொழிற்சாலையிலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தையல் கோணவில்லையே! மின்விசிறியை மட்டும் அவளுக்காக நிறுத்தி வைத்தார்கள். மற்றவர்கள் வியர்த்து வழிந்துகொண்டே திட்டினார்கள்.

வயிற்றை மறைக்க முடியாமல் போன அன்று, வேலைநீக்கக் கடிதத்தோடு முதலாளி வக்கீலையும் கூட்டி வந்தார். முதலாளி சொன்னதைக் கேட்டு வழி முழுக்க வக்கீல் கேலி செய்தார். "கழுத்து வளருதாம்! காத்து கருப்பு ஏதும் அடிச்சிருச்சா உங்களுக்கு?" உள்ளே வந்தவர் மெஷினில் ஓடும் கைகளைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், அங்கிருந்து அண்ணாந்துகொண்டே போனதில் மூக்குக்கண்ணாடி முதுகுப்பக்கம் விழுந்தது. உச்சியில் அவள் உத்தரத்தில் கன்னத்தைச் சாய்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். "கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. சம்பளத்தோடு விடுப்பு..." குரல் கீழே வந்து சேரச் சற்று நேரம் பிடித்தது. ஒவ்வொரு மெஷினாக நின்றது.

"அக்கா, ஓவர்டைமுக்கு என்ன போட்டிருக்கு?"

"இருடி, அடுத்தது அதுதான்."

"வக்கீல் சார், இதெல்லாம் செல்லாதுன்னு சொல்லுங்க," என்று முதலாளி பதறினார்.

வக்கீல் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை அண்ணாந்தார். முதலாளி கையிலிருந்த கடிதத்தை வாங்கித் தன் கோட்டுக்குள் மடித்து வைத்தார்.

"கழுத்து வளர்ந்துதான் இருக்கு, முதலாளி," என்றார். "படிச்சுட்டாங்க."