முப்பத்தெட்டாம் தாளின் கடைசி வரி

மனைவியின் முப்பத்தெட்டாம் தாளில் டீயைக் கொட்டியதோடு போர்டுக்காரர் நிறுத்தியிருந்தால், அது வெறும் கைத்தவறல். அவர் அதைத் துடைத்தார். காயாத மை கலங்கி, தாளின் கீழ்ப்பாதி மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி ஆனது. அத்தோடாவது விட்டாரா? கை சும்மா இருந்தால்தானே.

டயர் கடைக்கு மேலே ஒரு நீள அறை. அவள் ஒன்பது மாதமாக அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள். பிக்குணி அம்மா ஒருவர் புத்தர் சூத்திரத்தைக் கொடுப்பார். தரையில் உட்கார்ந்து, அதைப் பார்த்துத் தூரிகையால் எழுத்தெழுத்தாகப் படியெடுக்க வேண்டும். பேசக் கூடாது. அவசரப்படக் கூடாது. தப்பு வந்தால் அடித்துத் திருத்தாமல் மேலே போக வேண்டும். வாரத்துக்கு ஒரு தாள். மிச்சத்தை வீட்டில் முடித்துக்கொள்ளலாம். கடைசி வரி மட்டும் சொந்தச் சரக்கு: இந்தத் தாள் யாருக்காக, என்ன வேண்டி என்று எழுதலாம். சனிக்கிழமை தோறும் அந்த வரியை மட்டும் அம்மா எல்லோர் முன்னாலும் வாசிப்பார்.

"நான் ஒரு நாளைக்கு நாலு கடை போர்டு எழுதறேன். நீங்க பத்துப் பேர் சேர்ந்து வாரத்துக்குப் பத்துத் தாள். இந்த வேகத்துல போனா புத்தரே எழுந்து வந்து, 'போதும், விடுங்கம்மா'ன்னுவார்" என்று போர்டுக்காரர் கிண்டலடிப்பார்.

முப்பத்தைந்து வருடமாகப் பெயர்ப்பலகை எழுதுகிற கை. எந்த எழுத்தையும் ஒருமுறை பார்த்தால் அச்சு அசலாக இறக்கிவிடும். அந்தத் திமிர்தான் ஆளைக் கெடுத்தது. காய்கறி வாங்கப் போனவள் திரும்புவதற்குள், நாற்பதே நிமிடத்தில், சூத்திரத்தைப் பார்த்து, அவளுடைய சாய்ந்த எழுத்திலேயே புதுத் தாள் ஒன்றை முழுக்க எழுதி முடித்துவிட்டார். அவளுடைய சொந்தக் கடைசி வரி மட்டும் பழைய தாளில் படிக்க முடியாமல் கூழாகிப் போயிருந்தது. என்ன இருந்திருக்கும்? யோசித்தார். ஒருத்தி ஒன்பது மாதமாகக் குனிந்து குனிந்து யாருக்காக எழுதுவாள்? வேறு யார் இருக்கிறார்கள்? கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதினார்: 'என் கணவர் நூறு வயது வாழ.'

தாளைச் சுருட்டி, நூல் கட்டி, பையிலும் வைத்தார். "இன்னைக்கு என்ன, இவ்வளவு ஒத்தாசை?" என்று அவள் கேட்டபோதே பூமி பிளந்து அவரை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை.

சனிக்கிழமை அந்த வரியை அம்மா வாசித்தார். வகுப்பே கைதட்டியது. அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள்.

"வகுப்பு எப்படிம்மா?"

"ஒண்ணுமில்ல."

"கோவமா?"

"ஒண்ணுமில்ல."

"குழம்புல உப்பு இல்லையே?"

"ஒண்ணுமில்ல."

அடுத்த சனிக்கிழமைவரை வீட்டில் வேறு பேச்சே கிடையாது. சண்டை போட்டாலாவது ஒரு பக்கம் நிற்கலாம். இந்த ஒற்றைச் சொல்லோடு எங்கே போய் மல்லுக்கட்டுவது? மச்சானைப் போனில் பிடித்தார்.

"உங்கக்கா ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல மாமா. ஆனா அதையே அரை மணி நேரம் சொன்னாங்க."

குடும்பமே இப்படித்தான்.

பொறுக்க முடியாமல் அந்தச் சனிக்கிழமை அவரும் டயர் கடை மாடி ஏறினார். அவள் பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்; நிமிரவில்லை. அவர் நேரே பிக்குணி அம்மாவிடம் போனார்.

"அம்மா, அவளுக்கு என் மேல என்னதான் வருத்தம்?"

"இந்த மையைக் கொஞ்சம் உரைங்க" என்று அம்மா தண்ணீர் விட்ட ஒரு கல்லையும் உலர்ந்த மைக்கட்டியையும் நீட்டினார்.

அரை மணி நேரம் உரைத்தார். தோள்பட்டை கழன்றது.

"உரைச்சாச்சு. இப்பச் சொல்லுங்க."

"இன்னும் தண்ணியாத்தான் இருக்கு."

"சரி, இதையாவது சொல்லுங்க. அந்தத் தாளை நான்தான் எழுதினேன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ரொம்ப அழகா இருந்துச்சு" என்றார் அம்மா. "உங்க வீட்டம்மா அவ்வளவு அழகா எழுத மாட்டாங்க."

முன்வரிசைத் தையல்காரம்மா களுக்கென்று சிரித்தாள்.

"இது ஆமாவா, இல்லையா?" என்று அவர் கேட்பதற்குள் அம்மா அடுத்த பாய்க்கு நகர்ந்துவிட்டார். மைக்கட்டியைத் தூக்கி ஜன்னல் வழியே எறியலாமா என்று இருந்தது. கீழே யார் தலையிலாவது விழும். அதற்கும் 'ஒண்ணுமில்ல' என்பார்கள்.

அவள் பாய் அருகே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"டீயைக் கொட்டினது நான். துடைச்சுக் கெடுத்ததும் நான். அதை மறைக்க நானே எழுதினேன். கடைசி வரி தெரியல, என் பேரைப் போட்டுக்கிட்டேன். தப்புதான். திட்டு, இந்தக் கல்லை எடுத்து மண்டையில போடு. ஆனா ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லாதே. அங்க நீ என்னதான் எழுதியிருந்தே?"

அறையில் பத்துத் தூரிகைகளும் நின்றன. அவள் தன்னுடையதைக் கீழே வைத்தாள்.

"டீ கொட்டினதுக்குக் கோவமில்ல. கறையோடயே குடுத்திருப்பேன்" என்றாள். "முப்பத்தேழு தாள் எழுதினேன். உங்களுக்கு, பிள்ளைங்களுக்கு, தம்பிக்கு, செத்துப்போன உங்கம்மாவுக்கு, எதிர்வீட்டு நாய்க்குக்கூட ஒண்ணு. முப்பத்தெட்டாவதுதான் எனக்குன்னு எழுதினேன். முழங்கால் வலி குறையணும்னு. அதுலயும் நீங்க வந்து உக்காந்துக்கிட்டு நூறு வயசு கேட்டீங்க. அதுக்குத்தான் கோவம்."